வளர்வதா, முட்டையிடுவதா? திருகோணமலைக் கடலின் சிற்றுயிர்களை வைத்து வீட்டிலேயே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

டச்சுக் குடாப் பக்கம் பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பாசியில் ஒரு கைப்பிடி கிள்ளி, ஒரு வாளிக் கடல்நீருக்குள் நாலு தடவை உதறுங்கள். பாசியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அரிசிக் குறுநொய் அளவில் சில பூச்சிகள் பக்கவாட்டில் சரிந்து சரிந்து நீந்துவது தெரியும். அவற்றில் சில சோடி சோடியாகத் திரியும். பெரும்பாலும் பெரியது ஆண். அது வயிற்றோடு அணைத்துக்கொண்டு போவது பெண்.

அந்த ஆண் காத்துக்கொண்டிருப்பது ஒரு நேரத்துக்காக. பெண் தன் பழைய ஓட்டைக் கழற்றிய உடனே, புது ஓடு இறுகுவதற்கு முன் உள்ள கொஞ்ச நேரத்தில்தான் அவை சேர முடியும். ஓடு கழற்றுவது வளர்வதற்கு. சேர்வது குஞ்சு பொரிப்பதற்கு. இந்தப் பூச்சிக்கு இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. இதே கடலில் இதைவிடப் பத்து மடங்கு சிறிய வேறொரு பூச்சி இருக்கிறது. அது வளர்ச்சியை முற்றாக முடித்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் முட்டையிடத் தொடங்கும். உண்பதை உடம்பில் போடுவதா, முட்டையில் போடுவதா என்ற கேள்விக்கு இவை இரண்டும் சொல்லும் பதில் வேறு வேறு. அதை யோகட் கப்பிலும் போத்தலிலும் வைத்து நீங்களே பார்ப்பதற்கான வழியைத்தான் எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்களுக்கும், மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், சும்மா பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் போதும். பெரிய செலவு இல்லை. பொறுமைதான் வேண்டும், ஏறக்குறைய ஆறு கிழமை.

முதலில் கணக்கு விளங்க வேண்டும்

நூறு ரூபாய்க்கு உணவு உள்ளே போகிறது என்று வையுங்கள். ஒரு பகுதி செரிக்காமல் கழிவாக வெளியே போய்விடும். செரித்ததில் பெரும்பங்கு மூச்சுக்கும் நீந்துவதற்கும் உடலைப் பழுது பார்ப்பதற்கும் போகிறது. கடைசியில் கையில் மிஞ்சுவது, இந்தச் சிற்றுயிர்களில், உண்டதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். அந்த மிச்சத்தில்தான் வளர்ச்சியும் முட்டையும்.

எல்லாரும் நினைப்பது, இந்த மிச்சத்துக்காக உடம்பும் முட்டையும் சண்டை பிடிக்கின்றன என்று. அது பாதிதான் சரி. பாஸ் கோய்மன் என்ற நெதர்லாந்து அறிஞர் 1979இல் தொடங்கிய ஒரு கோட்பாடு வேறு விதமாகச் சொல்கிறது. உடலின் சேமிப்பிலிருந்து எடுக்கும் சக்தி வாசலிலேயே இரண்டு உறைகளில் பிரிக்கப்படுகிறது. முதல் உறை உடலைப் பேணவும் வளரவும். இரண்டாவது உறை முதிர்ச்சிக்கும் முட்டைக்கும். ஒரு உறைக்குள் இருப்பதை மற்றதுக்கு மாற்றுவதில்லை. இந்தப் பங்கீட்டைக் கப்பா விதி என்பார்கள். குஞ்சுப் பருவத்தில் இரண்டாவது உறை முதிர்ச்சியடைவதற்கே செலவாகிறது. பருவம் வந்த பிறகு அதே உறை முட்டையாகிறது. அதனால்தான் சில உயிர்களில், முட்டையிடத் தொடங்கிய அன்றே வளர்ச்சி தடுமாறி நிற்பதில்லை.

ஆனால் வளர்ச்சி எப்போதாவது நிற்கத்தானே வேண்டும்? முதல் உறையிலிருந்து பராமரிப்புச் செலவை முதலில் எடுக்க வேண்டும். உணவை உள்வாங்குவது உடலின் பரப்போடு கூடுகிறது, பராமரிப்போ கனவளவோடு கூடுகிறது. உடம்பு பெரிதாகப் பெரிதாக வரவைவிடச் செலவு வேகமாகக் கூடுவதால், பெரிய உடம்பில் உறை முழுவதும் பராமரிப்புக்கே போய்விடும். அந்த அளவில் வளர்ச்சி ஓய்ந்துவிடும். முட்டை உறை மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பூச்சிகளுக்குப் போவோம்.

படி 1: யாரை வளர்ப்பது

மூன்று பேரைப் பரிந்துரைக்கிறேன். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம், குழம்பிவிடுவீர்கள்.

அம்பிபொட்: மேலே சொன்ன பாசிப் பூச்சி. கரையில் அழுகும் பாசிக் குவியலைக் கிளறினால் துள்ளி விழுவதும் இதன் உறவுதான். பெண்ணின் மார்புக்குக் கீழே தகடுகளால் ஆன ஒரு பை இருக்கும். முட்டை அதற்குள்ளேயே பொரித்து, குட்டிகள் தாயின் சிறிய நகலாக வெளியே வரும். இடையில் இளம்புழுப் பருவம் கிடையாது. பருவம் வந்த பிறகும் ஓடு மாற்றி வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்து எண்ணலாம். முதல் தடவை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

கொப்பிபொட்: கடல்நீரில் மிதந்து திரியும் சிறு விலங்குகளில் எண்ணிக்கையில் இதை வெல்ல ஆளில்லை என்றே சொல்லலாம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் அளவு, அல்லது அதற்கும் குறைவு. முட்டையிலிருந்து வந்து ஆறு நோப்ளியஸ் எனும் இளம்புழு நிலை, பிறகு ஐந்து கொப்பிபொடைட் எனும் இளம்பருவ நிலை, பிறகு முதிர்நிலை. மொத்தம் 11 தடவை ஓடு கழற்றும். பதினோராவதற்குப் பிறகு ஓடும் மாறாது, நீளமும் கூடாது. அதற்குப் பிறகு பெண்ணின் உபரி முழுவதும் முட்டைக்கே. இது ஒன்றும் நாம் புதிதாகக் கண்ட உயிர் அல்ல. 1902இல் ஹேர்ட்மன் என்ற பிரித்தானிய விலங்கியலாளர் இலங்கைக் கடலில் அள்ளிய மாதிரிகளை வைத்துத் தொம்சன், ஸ்கொட் என்ற இருவர் அடுத்த வருடமே இங்குள்ள கொப்பிபொட்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள்.

ஆட்டீமியா: உப்பளத்து உயிர். உலர்ந்த முட்டைகளாக மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். கடலுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு, அல்லது வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது, இது கைகொடுக்கும்.

கூனி இறால் வேண்டாமா என்று கேட்பீர்கள். சம்பலுக்கு நல்லது, கப்பில் நிற்காது.

படி 2: எங்கே, எப்போது எடுப்பது

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வற்றுக் கடலில் பாறைக் குட்டைகளைத் தேடிப் போகாதீர்கள். நமது கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீற்றருக்குள்தான். அவர்கள் சொல்லும் பெரிய குட்டைகள் இங்கே உருவாகாது. பாறையில் அலை அடிக்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாசிதான் நமது சுரங்கம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கல் உள்ள இடமெல்லாம் பாசி உண்டு. ஒரு கைப்பிடி போதும், பாறையைச் சுரண்ட வேண்டாம். புறாமலைப் பக்கம் போகவே வேண்டாம். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது.

கொப்பிபொட்டுக்கு அமைதியான நீர் நல்லது. கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் கண்டல் ஓரங்களும் குடா நீரும் வசதி. நெருக்கமான நைலோன் துணியில் புனல் போல ஒரு வலை தைத்து, வால் நுனியில் சின்னப் போத்தலைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் பத்து நிமிடம் மெதுவாக இழுத்து நடந்தால் போதும். இரவில் என்றால் இன்னும் சுகம். பகலில் கீழே இறங்கி இருக்கும் பல இனங்கள் இருட்டில் மேலே வரும். டோர்ச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்தால் தூசு போல மொய்க்கும். ஆனால் இது திருகோணமலை. துறைமுகத்துக்குக் கிட்டவோ கடற்படை எல்லைக்குள்ளோ இரவில் டோர்ச்சோடு நிற்காதீர்கள். போகும் இடத்தில் பக்கத்து வாடிக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் இறங்கிய ஓர் இரவில் ஒரு மீனவர் கரையிலிருந்து கூப்பிட்டார்: "தம்பி, என்ன துலைச்சுப்போட்டுத் தேடுறியள்?" பூச்சி பிடிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பெரிசா ஏதும் வேணுமெண்டா விடிய வாங்கோ, மீன் தாறன்" என்றார்.

காலம் பார்க்க வேண்டும். வாடையோடு மழை பெய்து மகாவலி பெருகினால் கொட்டியாரக் குடாவின் மேல்நீர் உப்புக் குறையும். ஆறு கொண்டுவரும் ஊட்டத்தில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் கூட்டமும் பெருகும். ஆனால் நீரின் உப்பு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். முதல் தடவை என்றால் பங்குனியிலிருந்து புரட்டாதி வரையான அமைதிக் காலத்தில் தொடங்குங்கள்.

படி 3: வீட்டில் வைத்திருப்பது

எடுத்த கடல்நீரை மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடித்து, மூடி வைத்த வாளியில் ஒரு நாள் விடுங்கள். அம்பிபொட்டுக்குக் கழுவிய யோகட் கப் போதும். கப்புக்கு ஒரு சோடி, ஒளிந்துகொள்ள விரல் நகமளவு பாசித் துண்டு. கொப்பிபொட்டுக்கு ஒரு லீற்றர் போத்தல். காற்றுப் பம்ப் வைத்தால் மிக மெதுவாக, நொடிக்கு ஒரு குமிழி போதும். ஆட்டீமியா முட்டையை, ஒரு லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் உப்புள்ள நீரில், வெளிச்சத்தில், நன்றாகக் காற்றூட்டி வைத்தால் நமது வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும்.

போத்தலின் நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். நீர் வற்றினால் உப்பு வற்றாது. எனவே குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல. கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் சவர், மழைத்தண்ணீர் உத்தமம். உப்பு தன் வசதிக்கு மேலேயோ கீழேயோ போனால் உடலின் உப்பைச் சமப்படுத்தவே பூச்சி சக்தியைச் செலவழிக்கும். அந்தச் செலவு உங்கள் முட்டைக் கணக்கில் பற்றாக்குறையாக வந்து நிற்கும். காரணம் தெரியாமல் நீங்கள் உணவைக் குறை சொல்வீர்கள்.

பூச்சியை இடுக்கியால் தூக்காதீர்கள். முட்டைப் பையோடு இருக்கும் அம்பிபொட் பயந்தால் முட்டைகளை உதறிவிடும். வாய் அகன்ற சொட்டுக்குழாய் அல்லது கரண்டி.

படி 4: உணவைப் பங்கிடுவது

பரிசோதனையின் நெஞ்சு இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெள்ளைப் போத்தலில் வடித்த கடல்நீரை ஊற்றி, கடுகளவு செடி உரம் போட்டு, வெயில் படும் யன்னலில் வையுங்கள். ஒரு கிழமைக்குள் பச்சையாகும். அதுதான் கொப்பிபொட்டுக்கும் ஆட்டீமியாவுக்கும் சோறு. இறால் பொரிப்பகங்களில் அறிமுகம் இருந்தால் ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியில் ஒரு போத்தல் கேட்டு வாங்குங்கள். அதில் டி.எச்.ஏ எனும் கொழுப்பமிலம் நிறைய உண்டு. அம்பிபொட்டுக்குப் பாசியும், வாரம் ஒரு சிட்டிகை மீனுணவும் போதும்.

இப்போது கப்புகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். முதலாவதுக்குத் தாராளமாக, ஆனால் மிச்சம் அழுகாத அளவுக்கு. இரண்டாவதுக்கு அதில் கால்வாசி. மூன்றாவதுக்கு ஒரு கிழமை தாராளம், ஒரு கிழமை கால்வாசி என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது ஆறு கப் இருக்கட்டும். ஒரு கப் செத்தால் முழுக் கணக்கும் சாகக் கூடாது.

மூன்றாவது கூட்டம் ஏன்? சிறிய வெப்பமண்டலக் கொப்பிபொட்கள் அன்றாடங்காய்ச்சிகள். சேமிப்பு மிகக் குறைவு. இன்று தின்றதுதான் நாளைய முட்டை. அக்கார்ட்டியா போன்ற கொப்பிபொட்களில் உணவு குறைந்தால் ஓரிரு நாளிலேயே முட்டை எண்ணிக்கை விழுந்துவிடும், உணவு திரும்பினால் அதே வேகத்தில் ஏறும். வட துருவக் கடலில் நிலைமை தலைகீழ். அங்குள்ள கலானஸ் எனும் கொப்பிபொட் இனங்களில் சில, கோடையில் உடம்பில் எண்ணெய்ப் பை ஒன்றை நிரப்பி வைத்து, தின்ன ஒன்றும் கிடைக்காத காலத்தில் அந்த எண்ணெயைக் கரைத்தே முட்டையிடும். நெல் காணி உள்ளவரும் கூலிக்குப் போகிறவரும் போல. மூன்றாவது கூட்டம் உங்கள் பூச்சி எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

அளவு மட்டுமல்ல, தரமும் பேசும். இன்னொரு கூட்டத்துக்குப் பாணுக்குப் போடும் ஈஸ்ட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். வயிறு நிறையும், உயிரும் நிற்கும். ஆனால் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் ஈஸ்டில் கிடையாது. முட்டை குறையும், பொரிப்பதும் குறையும். உடம்பை ஓரளவு மலிவுச் சோற்றில் ஓட்டலாம், முட்டைக்கு நல்ல சாமான் வேண்டும். நுண்பாசி எல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. சில வகை டயற்றங்கள் மெல்லப்படும்போது வெளிவிடும் அல்டிகைட்டுகள் எனும் இரசாயனங்கள், தாய்க்கு ஒன்றும் செய்யாமல் முட்டை பொரிப்பதை மட்டும் கெடுக்கும். எனவே இட்ட முட்டையை மட்டும் எண்ணாமல் பொரித்த குஞ்சையும் எண்ணுங்கள்.

ஈஸ்டில் ஒரு எச்சரிக்கை. நான் முதல் தடவை அரைத் தேக்கரண்டி போட்டேன். காலையில் போத்தல் பால் போல வெளுத்து, மாலையில் நாறி, இரண்டு கிழமை உழைப்பு அடியில் கிடந்தது. ஒரு லீற்றருக்கு ஊசி முனையளவு. தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த தடவை.

படி 5: அளப்பது

வரைபுத்தாளை மெல்லிய கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு சொட்டு நீரோடு பூச்சியை விட்டு, கைபேசியில் படமெடுங்கள். கொப்பிபொட்டுக்குப் பாடசாலை நுணுக்குக்காட்டி வேண்டும். அம்பிபொட்டுக்குக் கைவில்லை போதும். கிழமைக்கு ஒரு தடவை நீளம். தினமும் காலையில், கழற்றிய ஓடு கிடக்கிறதா என்று பாருங்கள். மதியம் வரை விட்டால் அம்பிபொட் தன் ஓட்டைத் தானே தின்றுவிடும். செலவழித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப எடுக்கிறது, பாவம். உங்கள் கணக்குக்கு அது நட்டம்.

நீளத்தை அப்படியே ஒப்பிட வேண்டாம். உடல் எடை நீளத்தின் கனத்தோடு, அதாவது நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கோடு போகிறது. 4 மில்லிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றருக்கு வளர்ந்த பூச்சி பார்வைக்குக் கால்வாசிதான் கூடியிருக்கிறது. எடையில் ஏறக்குறைய இரட்டிப்பு.

இனி ஒரு உதாரணக் கணக்கு. 5 மில்லிமீற்றர் நீளமுள்ள அம்பிபொட், அகலம் ஒரு மில்லிமீற்றர், தடிப்பு 0.8 என்று வையுங்கள். நீள்கோளமாக எடுத்தால், மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்க, கனவளவு ஏறக்குறைய 2.1 கன மில்லிமீற்றர். ஓடு மாற்றி 5.5 மில்லிமீற்றர் ஆனது. 5.5ஐ 5ஆல் வகுத்தால் 1.1. 1.1 × 1.1 × 1.1 என்றால் 1.33. ஆக மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அதாவது 0.7 கன மில்லிமீற்றர். அந்தச் சுற்றில் பையில் 15 முட்டை, ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீற்றர் விட்டம் என்றால் மொத்தம் 0.5 கன மில்லிமீற்றர். அந்தச் சுற்றின் மிச்சத்தில் முட்டைக்குப் போனது நூற்றுக்கு 42, உடம்புக்கு 58. இதே பெண்ணை அடுத்தடுத்த சுற்றுகளில் தொடர்ந்து பாருங்கள். உடம்பின் பங்கு குறைந்து முட்டையின் பங்கு ஏறும். பெரிய உடம்பில் பையும் பெரிது என்பதால் முட்டை எண்ணிக்கையும் கூடும். இன்று வளர்வதும் நாளைய முட்டைக்கான முதலீடுதான் என்று அம்பிபொட் விடயத்தில் தயங்காமல் சொல்லலாம்.

கொப்பிபொட்டில் கணக்கு இன்னும் சுலபம், ஆனால் பார்த்தால் திகைப்பீர்கள். முன்னுடல் 0.8 மில்லிமீற்றர் நீளம், 0.25 அகலம், அதே தடிப்பு உள்ள ஒரு பெண். கனவளவு 0.026 கன மில்லிமீற்றர். முட்டை விட்டம் 0.08 மில்லிமீற்றர். நல்ல சோறு கிடைத்து ஒரு நாளில் 20 முட்டை இட்டால், அது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 12 கிலோவைப் பெற்றுப்போடுவது போல! முட்டைக்குள் மஞ்சட்கரு செறிவாக இருப்பதால் உண்மையான செலவு இதைவிடக் கூட. வளர்ச்சி நின்றுவிட்டதால் பெண் கொப்பிபொட் இடும் முட்டையே அதன் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, முட்டையை எண்ணியே கடலின் உற்பத்தியை மதிப்பிடும் முறை விஞ்ஞானிகளிடம் இருக்கிறது. நீங்கள் போத்தலில் செய்வதும் அதே வேலைதான்.

எந்தக் கொப்பிபொட்டை எடுப்பது? இரண்டு வகையினர் உண்டு. அக்கார்ட்டியா முட்டையை நீரில் சிதற விட்டுவிடும். ஓயித்தோனா வாலின் இரு பக்கமும் இரண்டு பைகளில் சுமந்து திரியும். சிதற விடுபவர் நிறைய இடுவார், ஆனால் கண்டபடி இழப்பார். சுமப்பவர் குறைவாக இடுவார், பொரிக்கும் வரை காப்பார், பை காலியானால்தான் அடுத்தது. பை சுமக்கும் பெண் மீனின் கண்ணுக்கு இலகுவாகப் படுவாள் என்பது அந்தக் காவலின் விலை. வீட்டில் எண்ணுவதற்குச் சுமப்பவரே வசதி. அக்கார்ட்டியாவை வைத்தால், இட்ட முட்டையைத் தாயே தின்றுவிடும். கப்புக்குள் நைலோன் வலைத் தட்டு ஒன்றை வைத்துத் தாயை மேலே விடுங்கள், முட்டை கீழே இறங்கிவிடும்.

படி 6: வெப்பத்தை மாற்றிப் பார்ப்பது

மண்சட்டியில் நீர் ஊற்றி, சுற்றி ஈரச் சாக்குப் போட்டு, காற்றுப் படும் நிழலில் வைத்து, அதற்குள் கப்புகளை மிதக்க விடுங்கள். அறை வெப்பத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைந்து நிற்கும். வாடைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் என்பதால் அவ்வளவு குறையாது. இன்னொரு கூட்டம் குசினி மூலையின் வெக்கையில் இருக்கட்டும். முட்டையிலிருந்தே அந்தந்த வெப்பத்தில் வளர்ந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். பாதியில் மாற்றியவை கணக்கில் சேராது.

வெக்கையில் வளர்ந்தவை சீக்கிரம் பருவமடையும், ஆனால் சிறியவையாக முடியும். குளிரில் தாமதித்து, பெரிதாக. டேவிட் அட்கின்சன் 1994இல் பல வகை உயிர்களின் தரவுகளைத் திரட்டி இதை ஒரு பொதுப் போக்காகக் காட்டினார். கொப்பிபொட்டுக்கு இது விளையாட்டல்ல. பதினோராவது ஓட்டுக்குப் பிறகு உடம்பு மாறாது என்பதால், இளமையில் பட்ட வெக்கை வாழ்நாள் முழுவதற்கும் முட்டை எண்ணிக்கையை எழுதிவிடுகிறது. அம்பிபொட்டுக்கு அடுத்த ஓட்டில் ஈடுகட்ட வழி இருக்கிறது.

சிறிதாக இருந்தாலும் சீக்கிரம் முட்டையிடுவது முட்டாள்தனமா? அப்படிச் சொல்ல மாட்டேன். பாறைக்குப் பாறை மீன் காத்திருக்கும் கடலில், நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத பூச்சிக்கு, இன்று பத்து முட்டை கையில் கிடைப்பது அடுத்த கிழமை முப்பதைவிடப் பெறுமதியானது. பெரியவற்றையே தேடித் தின்னும் மீன் உள்ள இடத்தில் இன்னும் அப்படித்தான்.

படி 7: ஆட்டீமியாவின் இரண்டு வாசல்

இதை வளர்ப்பவர்கள் பெண்ணின் முட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல காலத்தில் அவள் உயிருள்ள நோப்ளியஸ்களை நேரே ஈன்றுவிடுவாள். உப்பு ஏறி, ஒட்சிசன் குறைந்து, காலம் கெட்டால், வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திய கருவைத் தடித்த கோதுக்குள் அடைத்து விடுவாள். அதுதான் கடையில் நீங்கள் வாங்கிய உலர் முட்டை. கோது செய்யும் சுரப்பிகள் அப்போது கபில நிறமாகும், கைவில்லையில் தெரியும். ஒரு போத்தலில் உப்பை நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றி, இன்னொன்றைத் தொடங்கிய அளவிலேயே விடுங்கள். திடீரென ஏற்றினால் செத்துவிடும். ஒட்சிசன் குறைந்தால் இரத்தத்தில் ஈமோகுளோபின் கூடி உடம்பே சிவக்கும். அந்தச் சிவப்பும் ஒரு செலவுதான், கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: எண்களைப் படிப்பது

ஆறு கிழமை முடிந்து கொப்பியைத் திறக்கும்போது பலர் தடுக்கி விழும் இடங்கள் சில.

ஒரு பெண் குறைய முட்டையிட்டாள் என்றால் உடனே உணவு என்று முடிவு கட்டாதீர்கள். அவள் சிறியவளாக இருக்கலாம். முட்டைக் கனவளவை உடல் கனவளவால் வகுத்த பிறகே கூட்டங்களை ஒப்பிடுங்கள்.

கால்வாசி உணவுக் கூட்டத்தில் அம்பிபொட் ஓடு மாற்றுவது தாமதிக்கும். ஓடு தாமதித்தால் சேர்க்கையும் தாமதிக்கும். ஒரு பையில் எத்தனை என்று மட்டும் எண்ணியவர், பைகளுக்கு இடையில் நீண்ட நாட்களைத் தவறவிடுவார். மாதத்துக்கு எத்தனை முட்டை என்றே எழுதுங்கள்.

எல்லா உணவும் நல்லபடி இருந்தும் ஒரு பெண் முட்டையே இடாமல் நன்றாகக் கொழுத்தால், ஒட்டுண்ணி இருக்கிறதா பாருங்கள். சந்தையில் இறால் வாங்கும்போது செவுள் பக்கம் ஒரு புறம் மட்டும் வீங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே பொப்பிரிட் எனும் ஒட்டுண்ணி குடியிருக்கும். இந்த மாதிரி ஒட்டுண்ணிகள் பல, விருந்தாளியாக வந்து, இனப்பெருக்க உறையை மட்டும் களவெடுக்கும். உடம்பு உறையில் கை வைத்தால் வீடே இடிந்துவிடும் அல்லவா.

ஆண்களை மறக்காதீர்கள். பல நாள் பெண்ணைத் தூக்கிச் சுமக்கும் ஆண் அம்பிபொட் அந்த நாட்களில் சரியாகத் தின்ன முடியாது. முட்டை போடாததால் செலவில்லை என்று நினைக்க வேண்டாம், அது வேறு பற்றுச்சீட்டில் வருகிறது.

முடிந்த பிறகு, கடலில் எடுத்தவற்றை எடுத்த அதே இடத்தில் விட்டுவிடுங்கள். ஆட்டீமியாவை மட்டும் கடலிலோ குளத்திலோ நிலாவெளி உப்பளப் பக்கமோ ஊற்றிவிடாதீர்கள். கடையில் விற்கும் முட்டைகளில் கணிசமான பகுதி அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரியிலிருந்து வருவது. மத்தியதரைக் கடல் ஓர உப்பளங்கள் பலவற்றில் அந்த இனம் புகுந்து, அங்கே முன்பிருந்த ஆட்டீமியாக்களைத் துரத்திவிட்டது. தொட்டி மீனுக்குப் போடுங்கள். போத்தலைக் கொதிநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள், அடுத்த தொகுதிக்கு வேண்டும்.